படமும் பண்பும்

மாசித் திங்களில் பூர நாளும் நிறைமதியும் கூடும் அன்று திருவனந்தபுரம் மாநகரம் முழுவதும் ஒரே அடுக்களையாகிவிடுகின்றது. ஆற்றுகால் பகவதியின் கோயில் முன்றிலில் தொடங்கும் அடுப்பு வரிசை மணக்காட்டைக் கடந்து, கிழக்கே கோட்டை, சாலைக் கடைத்தெரு, தம்பானூர் என்று நீண்டு, பல கல் தொலைவுக்குச் சென்றுகொண்டேயிருக்கும். மூன்று செங்கல், ஒரு புதுப்பானை, காய்ந்த தென்னோலையும் பாளையும், அரிசி, வெல்லம், தேங்காய்: பொங்காலைக்கு வேண்டுவன இவ்வளவே. முதல்நாள் மாலையே வந்து இடம்பிடித்து, நடைபாதையிலேயே படுத்து எழும் பெண்களும் உண்டு. கோயில் அடுப்பில் மூட்டப்பெறும் தீ, அடுப்பிலிருந்து அடுப்புக்குக் கைமாறி நகரெங்கும் பரவும் காட்சியை ஒருமுறை கண்டவர் மறத்தல் அரிது. 1997-ஆம் ஆண்டில் 15 இலட்சம் பெண்களும், 2009-ஆம் ஆண்டில் 25 இலட்சம் பெண்களும் இங்குப் பொங்கலிட்டனர் என்று கின்னஸ் ஏட்டில் பதிவாயிற்று. பெருந்தொற்றுக் காலமாகிய 2021, 2022-ஆம் ஆண்டுகளில் மட்டும் அவரவர் வீட்டு முற்றத்திலேயே பொங்காலை நடைபெற்றது.

மதுரையை எரித்தபின் கண்ணகி சேரநாட்டிற்கு வரும் வழியில் இங்குத் தங்கினாள் என்பது இத்தலத்து ஐதிகம். விழா நாள்களில் பாடப்பெறும் தோற்றம்பாட்டும் அவள் கதையையே கூறும். பிழைப்பைத் தேடிப் புகாரினின்றும் மதுரைக்குக் கணவனோடு நடந்துசென்ற பெண் ஒருத்தியின் கோயில் ஆதலின், ஊர்விட்டு ஊர்வந்த நம்மவர்க்கு அது மிகவும் அணுக்கமாயிருப்பதில் வியப்பில்லை. நாகர்கோவில், தென்காசி, வள்ளியூர்ப் பக்கத்துப் பேச்சு அவ்வடுப்புகளின் நடுவே எத்துணை கேட்கின்றது என்பதை அன்பர்கள் அறிவார்கள்.

பொங்கலிடுவோர் அனைவரும் பெண்டிரே. அன்று தெருவில் காணும் ஆண்மக்கள் பெரும்பாலும் காவலர், தண்ணீர் வழங்கும் தொண்டர், மூன்றாவதாகக் காமிராக்காரர். இம்மூன்றாம் இனத்தார் ஆண்டுக்காண்டு பெருகிவருகின்றனர். முன்பு செய்தித்தாள்காரர் நாலைந்து பேர் வருவர். இன்றோ கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் படக்காரரே. பானை பொங்குவதை எடுக்கின்றனர், புகையை எடுக்கின்றனர், புகையினூடே கண் கலங்கி நிற்கும் முகத்தை எடுக்கின்றனர். ஓலைப் புகையால் வந்த கண்ணீர் மறுநாள் படத்தில் பக்திக் கண்ணீராகிவிடுகின்றது!

ஒருமுறை கிழக்கே கோட்டையருகில் நாம் கண்டது இது. முதிய பெண்மணி ஒருவர், தம்மை நோக்கிக் காமிரா உயர்வதைக் கண்டதும் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு மறுபுறம் திரும்பினார். படமெடுக்க வந்த இளைஞர் விட்டாரில்லை. சுற்றிக்கொண்டு அப்பக்கம் சென்று, அவர் துணியை விலக்கிப் பானையைப் பார்க்கும் கணம்வரை காத்திருந்து, எடுத்துக்கொண்டார். பின்னர் உடன்வந்தவரிடம் காட்டி, நன்றாக அமைந்திருக்கின்றது என்று மகிழ்ந்தார். நாம் அருகிலேயே நின்றோம், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும் தகுதி அன்று நமக்கு இல்லாதிருந்தது. காரணத்தை ஒளியாமல் கூறிவிடுகின்றோம்.

சில ஆண்டுகளுக்குமுன் நம் இதழின் முகப்பில் ஒரு படம் வெளியிட்டோம். அக்குடும்பத்தார் இன்னாரென்று எவரும் கண்டுகொள்ளாதிருக்கும்பொருட்டு, தொழிலையும் இடத்தையும் மாற்றியே இங்கு எழுதுகின்றோம். பழைய தாளும் இரும்பும் வாங்கும் தள்ளுவண்டி ஒன்று. அதனைத் தள்ளிவருபவர் நம் பக்கத்தவர். வண்டியின்மேல் அடுக்கிய செய்தித்தாள் கட்டுகளின்மீது அவர்தம் மகள் தலைசாய்த்து உறங்குகின்றாள். மழை பெய்து விட்ட பொழுது. ஈரச் சாலையில் வண்டியின் நிழல் விழுந்து கிடக்கின்றது. நம் உறுப்பினர் ஒருவர் கைப்பேசியில் எடுத்தது. உண்மையில் அழகிய படம், அதில் ஐயமில்லை. 'உழைப்பின் உயர்வு' என்று தலைப்பிட்டு அச்சிட்டோம். பாராட்டுக் கடிதங்கள் வந்தன. வாட்ஸப் குழுக்களில் அது பரவிற்று. நாமும் மகிழ்ந்திருந்தோம்.

மூன்று கிழமை சென்றிருக்கும். ஒரு மாலைப்பொழுது மன்றத்து அலுவலறைக்கு ஓர் அம்மையார் வந்தார். நான்காக மடித்த நம் இதழ் அவர் கையில் இருந்தது. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. சண்டைக்கு வந்தவர்போலவும் தோன்றவில்லை.

"படம் நல்லாத்தான் இருக்கு, ஐயா. எடுக்கும்போது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

பெண்ணுக்குக் காய்ச்சலாம் அன்று. பள்ளிக்கு அனுப்பவில்லை. தாய் வீட்டுவேலைக்குச் செல்ல வேண்டியிருந்தமையால், தனியே விட மனமின்றித் தந்தை வண்டியிலேயே கூட்டிச்சென்றார். அப்படம் வகுப்பிலுள்ள ஒரு பிள்ளையின் வீட்டுக் கைப்பேசிக்கு வந்து, அங்கிருந்து வகுப்பு முழுவதும் பரவிவிட்டது. தந்தை என்ன தொழில் செய்கின்றார் என்று அப்பெண் அதுகாறும் பள்ளியில் யாருக்கும் சொன்னதில்லை. பிள்ளைகள் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் சூட்டினர். பத்து நாளாக அவள் பள்ளிக்குப் போக மறுக்கின்றாள் என்று தாய் சொன்னார். உழைப்பில் இழிவில்லை என்று நாம் ஏதோ சொல்லத் தொடங்கினோம். அவர் குறுக்கிட்டார்.

"அது எங்களுக்குத் தெரியாதா, ஐயா? அதைச் சொல்ல எம் பிள்ளை முகந்தானா கெடைச்சுது?"

இதற்கு நம்மிடம் விடையில்லை. எஞ்சியிருந்த படிகளை நிறுத்திவைத்தோம். மன்றத்தின் பக்கத்திலிருந்து படத்தை நீக்கினோம். ஆயினும் நூறு கைப்பேசிகளுக்குச் சென்றுவிட்டதைத் திரும்பப் பெறுவது எவ்வாறு? அடுத்த கல்வியாண்டில் அப்பெண் வேறு பள்ளியில் சேர்ந்தாள். அச்செலவில் ஒரு பகுதியை மன்றம் ஏற்க முன்வந்தது, தந்தை பெற்றுக்கொள்ளவில்லை.

இச்செய்தி மன்றத்தில் பேசப்பட்டபோது அன்பர் பலரும் முதலில் கேட்டது, சட்டம் என்ன சொல்கின்றது என்பதே. ஆதலின் அதனையும் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். தெருவில் நிற்பவரை அவர் இசைவின்றிப் படமெடுப்பது தன்னளவில் குற்றம் என்று கூறும் பொதுச்சட்டம் இந்நாட்டில் இல்லை. பெண் ஒருத்தி பிறர் காணமாட்டார் என்று நம்பத்தக்க இடத்தில், மறைவான செயலில் இருக்கையில் அவளைப் பார்ப்பதும் படமெடுப்பதும் குற்றம். இது 2013-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354-சி பிரிவாகச் சேர்க்கப்பெற்று, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதையின் 77-ஆம் பிரிவாக விளங்குகின்றது. தன் வீட்டின்முன் நின்றிருந்த பெண்ணைப் படமெடுத்ததாக எழுந்த வழக்கொன்றில், அஃது இப்பிரிவில் அடங்காது என்று கேரள உயர்நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. மறைவை எதிர்பார்க்கத்தக்க சூழ்நிலை அங்கு இல்லை என்பது காரணம்.

கேரளத்திற்கெனத் தனியே ஒரு பிரிவும் உண்டு. நம்மவர் பலர் அறியார். 2011-ஆம் ஆண்டின் கேரளக் காவல்துறைச் சட்டம், 119-ஆம் பிரிவு. பெண்களின் நியாயமான அந்தரங்கத்திற்குக் கேடு விளையும் வகையில் எவ்விடத்திலாயினும் படமெடுத்தாலும், எடுத்ததைப் பரப்பினாலும், மூன்று ஆண்டுவரை சிறையோ 10,000 ரூபாய்வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம் என்பது அது. 'எவ்விடத்திலாயினும்' என்ற சொல்லும், 'பரப்பினாலும்' என்ற சொல்லும் கருதத்தக்கவை. நமக்கு வந்த படத்தை வேறொருவர்க்கு அனுப்பிவிட்டு, எடுத்தவன் நானல்லேன் என்று தப்பிவிட முடியாது. ஆனால் 'நியாயமான' என்பது எதுவரை என்பதை வழக்குதோறும் நீதிமன்றந்தான் கூறவேண்டும்.

இவற்றிற்கெல்லாம் மேலாக, அந்தரங்கம் என்பது குடிமகனின் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்புக் கூறினர். அதற்கும் முன்னரே, 1994-இல், தமிழ்நாட்டு இதழாகிய நக்கீரன் தொடர்பான வழக்கில், தன்னைத் தன்பாட்டில் விட்டுவிடுமாறு கேட்கும் உரிமை ஒவ்வொருவர்க்கும் உண்டு என்று அந்நீதிமன்றம் கூறியிருந்தது. தமிழ்ப் பத்திரிகை ஒன்றின் வழக்கு இந்திய நாட்டு உரிமைச் சட்டத்திற்கு இவ்வாறு அடிக்கல்லாயிற்று என்பதை இங்கு மகிழ்ச்சியோடு குறிக்கலாம்.

சட்டங்களை எல்லாம் படித்தபின்னரும் ஒன்று நம் மனத்தை உறுத்திக்கொண்டேயிருக்கின்றது. மறைவை எதிர்பார்க்கத்தக்க இடம் எது? வீடு உடையவர்க்கு வீடு. கதவைச் சாத்தலாம், திரையை இழுத்துவிடலாம். சாலைக் கடைத்தெருவில் கடை சாத்தியபின் திண்ணையில் படுத்துறங்குபவருக்கு எது கதவு? தெருக்குழாயில் குளிப்பவருக்கு, நடைபாதையில் பூத்தொடுத்தபடியே பிள்ளைக்குப் பாலூட்டுபவருக்கு, வேலை நடக்கும் கட்டடத்திலேயே அடுப்பு மூட்டிக் குடித்தனம் நடத்தும் கொத்தனார் குடும்பத்துக்கு எது திரை? அவர்கள் தெருவுக்கு வந்தவர்கள் அல்லர், தெருவிலேயே இருப்பவர்கள். சுவர் உள்ளவர்க்குச் சட்டம் காவலாய் நிற்கின்றது. சுவரில்லாதவர்க்கு, எதிரே காமிராவோடு நிற்பவனுடைய நாணமே சுவர். தெருப்படம் எடுக்கப் புறப்படுவோர் தேடிச்செல்வதும் பெரும்பாலும் இத்தகையோரைத்தான். மாளிகை வாயிலில் நின்று அங்குள்ளவரைப் படமெடுத்துப் பார்க்கட்டும், காவற்காரன் வந்துவிடுவான்.

நம்மவரின் வறுமையைப் பிறர் படமெடுத்த கதை புதிதன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தின்போது, வில்லோபி ஹூப்பர் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் பட்டினியால் எலும்புருவான மக்களை வரிசையாக உட்காரவைத்தும் நிற்கவைத்தும் எடுத்த படங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன. அப்பஞ்சத்திற்குத் தப்பி இலங்கை மலைத்தோட்டங்களுக்குச் சென்ற நம் முன்னோர் பலர். அப்படங்களில் இருப்போரில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. இதே ஹூப்பர் 1886-இல் மாந்தளையில், மரணதண்டனை பெற்ற பர்மியரைச் சுடும் கணத்தைப் படமாக்கும்பொருட்டு, சுடும் ஆணையைத் தம் காமிராவுக்கு ஏற்றவாறு நிறுத்திக் கொடுத்தார் என்று குற்றஞ்சாட்டப்பெற்றுக் கண்டனத்திற்கு ஆளானார். இதனைக் கேட்டபோது இங்கிலாந்தில் சினம் எழுந்தது.

ஆயினும் ஹூப்பரைப் போன்றோரைக் கண்டிப்பது எளிது. நல்லெண்ணத்தோடு எடுத்த படத்தைப் பற்றியே நாம் சிந்திக்கவேண்டும். நம் இதழ் செய்ததும் நல்லெண்ணத்தால் செய்ததே. இதற்கு உலகறிந்த ஒரு சான்று உண்டு. அதுவும் பிழைப்புத் தேடி ஊரூராய் அலைந்த ஒரு குடும்பத்தின் கதை.

1936 மார்ச்சு மாதம் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், நிப்போமோ என்னும் ஊரருகே, பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் டாரத்தியா லாங் என்ற பெண்மணி ஒரு தாயைப் படமெடுத்தார். அரசின் குடியேற்ற நிருவாகத்திற்காக ஏழை உழவர் நிலையைப் படம்பிடித்துவரும் பணி அவருடையது. பயிர் உறைபனியால் பட்டுப்போயிருந்தது, கூலியில்லை. கந்தல் கூடாரத்தின்கீழ் அத்தாய் அமர்ந்திருக்க, இரு பிள்ளைகள் தோளில் முகம்புதைத்துத் திரும்பியிருக்க, மடியில் ஒரு குழவி. பத்து நிமிடத்தில் சில படங்கள் எடுத்துக்கொண்டு லாங் புறப்பட்டுவிட்டார். வயது முப்பத்திரண்டு என்று கேட்டறிந்தவர் பெயரைக் கேட்கவில்லை. படம் செய்தித்தாளில் வெளிவந்தது. அரசு உடனே அம்முகாமிற்கு 20,000 பவுண்டு உணவுப்பொருள் அனுப்பிற்று. படத்தின் ஆற்றலுக்கு இதனினும் சான்று வேண்டுமோ? ஆனால் உணவு வந்து சேருமுன்னரே அக்குடும்பம் வேறிடத்திற்குச் சென்றுவிட்டிருந்தது. பசித்த பிறர் உண்டனர். படத்தில் இருந்தவர்க்கு ஒரு பிடியும் கிட்டவில்லை.

'புலம்பெயர்ந்த தாய்' என்ற பெயரோடு அப்படம் உலகெங்கும் பரவிற்று. நூல்களில் வந்தது, 1998-இல் அஞ்சல்தலையிலும் வந்தது. அத்தாயின் பெயர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978-இல்தான், நாற்பதிரண்டு ஆண்டுகட்குப்பின், வெளியாயிற்று. அப்படத்தால் தமக்கு ஒரு காசும் கிட்டியதில்லை என்றும், அதனை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றும் அவர் மனம் நொந்து பேசினார். தோளில் முகம்புதைத்து நின்ற மகள்களுள் ஒருவர், அப்படத்தால் தாம் வெட்கமுற்றதாகவும், தாங்கள் யாரென்று பிறர் அறியாதிருக்கவே விரும்பியதாகவும் முதுமையில் கூறினார். இவ்வரியைப் படித்தபோது தள்ளுவண்டியில் உறங்கிய பெண்ணை நாம் நினைத்துக்கொண்டோம்.

கதை இங்கு முடிந்திருந்தால் தீர்ப்புக் கூறுதல் எளிதாயிருக்கும். 1983-இல் தாம்சன் அம்மையார் நோயுற்று மருத்துவச் செலவுக்கு வழியின்றி இருந்தபோது, அப்படத்தைச் சொல்லியே பிள்ளைகள் உதவி வேண்டினர். முன்பின் அறியாத மக்கள் கடிதங்களோடு 35,000 டாலருக்கும் மேல் அனுப்பினர். அக்கடிதங்களைப் படித்தபின்னரே அப்படம் பிறர்க்கு என்னவாயிருந்தது என்பதைத் தாங்கள் உணர்ந்ததாகப் பிள்ளைகள் கூறினர். அவ்வாண்டிலேயே அவர் இறந்தார். ஒரே படம் ஒரு குடும்பத்திற்கு நாற்பது ஆண்டு வெட்கமாகவும் கடைசியில் பெருமையாகவும் இருந்திருக்கின்றது. இடையில் ஒருமுறையேனும் யாராவது அவர்கள் கதவைத் தட்டிக் கேட்டிருந்தால் அந்நாற்பது ஆண்டு வேறுவிதமாய் இருந்திருக்கலாம் என்று மட்டும் தோன்றுகின்றது.

இவ்வளவும் எழுதியதனால், தெருவில் காமிராவே கூடாது என்று நாம் சொல்வதாக எவரும் கருதவேண்டா. 1984 டிசம்பரில் போபாலில் நச்சுக்காற்றால் மாண்ட பெயரறியாச் சிறு குழந்தையின் முகத்தை, மண்ணிட்டு மூடும் வேளையில், ரகு ராய் எடுத்த படம் இல்லையேல், அக்கொடுமை உலகின் நெஞ்சில் அவ்வளவு ஆழப் பதிந்திராது. அங்கே யாரிடம் இசைவு கேட்பது? திருவிதாங்கூர் அரசின் படக்காரராக விளங்கிய சக்கரியாஸ் டி குரூஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எடுத்த படங்களை நாம் இன்று ஆவலோடு பார்க்கின்றோம். எவரும் எடுத்திராவிடில் அக்காலத்துச் சாலையும் படித்துறையும் நமக்கு ஏது? திருவிழாக் கூட்டத்தை எடுப்பவர் இருபத்தைந்து இலட்சம் பேரிடம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது, கேட்கவேண்டுவதும் இல்லை. கூட்டம் கூட்டமாகவே நிற்கின்றது. அதில் எவரும் தனித்து அகப்படுவதில்லை. அக்கூட்டத்திலிருந்து ஒரு முகத்தை மட்டும் பிரித்தெடுத்து, அதன்மேல் நாம் ஒரு தலைப்பையும் எழுதுகின்றோமே, அங்கேதான் கேள்வி பிறக்கின்றது. எங்கள் பிழையில் படத்தைவிடத் தலைப்பே பெரும்பங்கு என்று இப்போது தோன்றுகின்றது. தலைப்பில்லாவிடில் அவள் காய்ச்சலில் உறங்கும் ஒரு பெண்ணாகவே இருந்திருப்பாள்.

முன்னாளில் படம் ஒரு தாளில் வந்து, படித்துப் பழந்தாளாகி மறைந்தது. இன்று அவ்வாறில்லை. ஒருமுறை பரவிய முகம் பத்தாண்டு கழித்தும் தேடினால் கிடைக்கின்றது. முகத்தைக் கொண்டே ஆளைக் கண்டுபிடிக்கும் இயந்திரங்களும் வந்துவிட்டன. கணவனின் கொடுமைக்கு அஞ்சி ஊர்விட்டு வந்து இந்நகரில் ஒளிந்து வாழும் பெண் ஒருத்தி பொங்காலைக்கு வந்திருக்கலாம். அவள் முந்தானையால் முகத்தை மூடுவதன் காரணம் நமக்கு எவ்வாறு தெரியும்? தெரியவேண்டுவதும் இல்லை. மூடிய முகம் மூடிய கதவே.

இந்நகரிலேயே நிகழ்ந்த மற்றொரு செய்தியைச் சொல்லாமல் விடலாகாது. தம்பானூருக்கு அணித்தே செங்கல்சூளை என்னும் குடியிருப்பு உள்ளது. இராஜாஜி நகர் என்பது அதன் இப்போதைய பெயர். நெருக்கமான சிறு வீடுகள், உழைப்பாளி மக்கள். அவ்விடத்தைக் குறித்து நகரத்தார் பேச்சில் நல்ல சொல் கேட்பது அரிது. 2021 ஜூலையில் அங்குள்ள இளைஞர்கள் சிலர் 'அயன்' என்னும் தமிழ்ப் படத்தின் பாடற்காட்சியைத் தங்கள் சந்துகளிலும் மாடிகளிலும் தாங்களே ஆடி, தாங்களே கைப்பேசியில் எடுத்து வெளியிட்டனர். மலையாளிகளும் தமிழரும் கண்டு களித்தனர். அப்படத்தின் நாயகர் சூர்யாவே பாராட்டினார். அதே சந்து; அதே தகரக்கூரை. வெளியார் எடுத்தால் ஏழ்மையென்று தலைப்பிட்டிருப்பார். அவர்கள் எடுத்ததில் ஆட்டமும் துள்ளலுமே தெரிந்தன. 'அயன்' படத்தை இயக்கிய கே.வி. ஆனந்த், திரைக்கு வருமுன் பத்திரிகைகளுக்குப் படமெடுத்தவர். பத்திரிகைப் படக்காரர் ஒருவரையே நாயகராக்கி 2011-இல் 'கோ' என்ற படத்தையும் தந்தவர். அவர் 2021 ஏப்ரலில் மறைந்தார். மூன்று மாதம் கழிந்து வெளிவந்த இதனைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

நம் மன்றத்தின் செயற்குழு அன்றைய நிகழ்ச்சிக்குப்பின் சில முடிவுகளைச் செய்தது. ஒருவரைத் தனித்துக் காட்டும் படமாயின், எடுத்தபின்னராயினும் அவரிடம் காட்டி இசைவு பெற்றிருந்தாலன்றி இவ்விதழில் வெளியிடுவதில்லை. பிள்ளைகளாயின் பெற்றோரிடம் கேட்பதோடு பிள்ளையிடமும் கேட்கவேண்டும். இவ்விரண்டாவது விதியைச் சிலர் எள்ளி நகைத்தனர், நாம் விட்டுக்கொடுக்கவில்லை. தலைப்பையும் அவர்களிடம் படித்துக்காட்ட வேண்டும். அச்சான இதழில் ஒரு படி அவர்கள் கைக்குச் சேரவேண்டும். இதனால் நமக்கு வரும் படங்கள் குறைந்துவிட்டன என்பது உண்மை. முகப்பில் கோபுரமும் கடற்கரையுமே திரும்பத் திரும்ப வருகின்றன என்று அன்பர்கள் குறைகூறி எழுதுகின்றனர். அக்குறையை ஏற்றுக்கொள்கின்றோம்.

அடுத்து வந்த பொங்காலையன்று இவ்விதிகளை நாமே செய்துபார்த்தோம். மணக்காட்டிலிருந்து கிழக்கே கோட்டை வரையில் பதினோரு பேரிடம் கேட்டோம். நால்வர் வேண்டாம் என்றனர். அவர்களில் ஒருவர் காரணமும் சொன்னார், நாம் கேளாமலே. எஞ்சியவர் இசைந்தனர். ஆனால் இசைந்தவர் அனைவரும் உடனே முடியை ஒதுக்கி, சேலையைத் திருத்தி, நிமிர்ந்து நின்றுகொண்டனர். ஒருவர் பக்கத்து அடுப்பிலிருந்த தம் தங்கையையும் அழைத்து நிறுத்திக்கொண்டார். இயல்பான படம் என்று கலைஞர்கள் சொல்வது இதில் இல்லைதான். தெருப்படக் கலையில் தேர்ந்த நண்பர் ஒருவர், இவை கலியாண வீட்டுப் படம்போல் இருக்கின்றன என்று உதட்டைப் பிதுக்கினார். அப்பெண்களோ தங்கள் படத்தை ஊருக்கு அனுப்பித்தருமாறு முகவரி எழுதிக்கொடுத்தனர், அச்சிட்டு அனுப்பிவைத்தோம்.

தள்ளுவண்டிக் குடும்பத்தைப் பற்றி இன்னும் ஒரு சொல். வருத்தம் தெரிவித்து அடுத்த இதழிலேயே எழுதுவதாக அந்நாளில் அத்தாயிடம் கூறினோம். அவர் ஒப்பவில்லை.

"வேண்டாம், ஐயா. மறுபடி அதைப் பத்தி அச்சில போட்டா, மறந்தவங்களும் எடுத்துப் பார்ப்பாங்க."

அதனால் இத்தனை ஆண்டும் எழுதாதிருந்தோம். இப்போது எழுத எண்ணியபோது அவரைத் தேடிச்சென்று கேட்டோம். மகளையும் கேட்கவேண்டும் என்றார்; அவள் இப்போது கல்லூரியில் படிக்கின்றாள். இருவரும் யோசித்து ஒரு கிழமை கழித்து இசைவு தந்தனர். எழுதி முடித்ததும் அவர்கள் வீட்டிற்கே சென்று முழுவதையும் படித்துக்காட்டினோம். இரண்டு இடங்களை நீக்கச் சொன்னார்கள், நீக்கிவிட்டோம். ஒன்று, அன்று அப்பெண் சொன்னதாக நாம் எழுதியிருந்த ஒரு வாக்கியம். தான் அவ்வாறு சொல்லவேயில்லை என்கின்றாள். மற்றொன்று என்ன என்பதை இங்குக் கூறுவதற்கில்லை.